சங்கு ஊதியதும் ஆற்றில் இறங்கினோம்

உறையூரிலிருந்து பஸ் பிடித்துப் போகும் தூரத்தில் காவிரிக்குக் குறுக்கே ஒரு கதவணையும், அதன் ஓரத்தில் சின்ன மின்நிலையமும் இருந்தன. மின்சாரம் எடுக்கத் தண்ணீர் திறப்பதற்கு முன் அங்கே சங்கு ஊதுவார்கள். ஆற்றுக்குள் இருப்பவர்கள் கரையேற வேண்டும் என்று அர்த்தம். அதைப் பலகையிலும் பெரிதாக எழுதி வைத்திருந்தார்கள். அந்தப் பலகையில்தான் நாங்கள் துண்டு காயப்போடுவோம்.

அந்த வருஷம் என் சித்திக்குத் தலை ஆடி. கல்யாண மாலைகளைப் பத்திரமாக வைத்திருந்து பதினெட்டாம் பெருக்கன்று ஆற்றில் விடுவது எங்கள் வழக்கம். விட்ட மாலை ஓட வேண்டும். தேங்கி நின்றால் பெண்ணுக்கு ஆகாது என்பார்கள். ஆறோ பேருக்குத்தான் ஆறு. எங்கும் மணல், நடுவில் ஒரு குட்டை. கட்டிவந்த தேங்காய்ச் சாதத்தையும் புளிச்சாதத்தையும் ஒரு கை பார்த்துவிட்டு, குடும்பமே கரையில் உட்கார்ந்து மேற்கே பார்த்துக்கொண்டிருந்தது. சித்தப்பா, நான் இழுத்து விளையாடும் சின்னச் சப்பரத்துக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்.

சங்கு ஊதியது. நாங்கள் எல்லோரும் கைதட்டினோம்.

"தண்ணி வருது! சீக்கிரம் போங்க மாப்பிள்ளை, நடு ஆத்துல விட்டாத்தான் ஓடும்" என்றார் தாத்தா.

"பாத்துப் போங்க" என்றாள் சித்தி, வெட்கத்தோடு.

சித்தப்பா வேட்டியை மடித்துக் கட்டி, சருகாகிப்போன இரண்டு மாலைகளையும் தோளில் போட்டுக்கொண்டு சிரித்தபடி நடந்தார். வழக்கமாகக் கணுக்கால் அளவுதான் தண்ணீர் வரும். மேலே மழை கொட்டியிருந்தது எங்களுக்குத் தெரியாது. அன்று ஆள் உயரத்துக்கு வந்தது. மாலைகள் ஓடின. பின்னாலேயே அவரும் போனார். தாத்தா மாரில் அடித்துக்கொண்டு கரையோரமாக ஓடினார். ஆறு அவரைவிட வேகமாக ஓடியது. சாயங்காலம், கீழே ஒரு வாழைத்தோட்டத்து ஓரத்தில் சித்தப்பா கிடைத்தார்.

இன்றும் அங்கே சங்கு ஊதுகிறது. ஜனம் செல்போனைத் தூக்கிக்கொண்டு இறங்குகிறது. மாறும் என்ற நம்பிக்கை எனக்கு விட்டுப்போய் வெகுகாலம் ஆகிறது.

பாதி நாள் கரண்ட் இல்லாத எங்கள் வீட்டில் அந்த ராத்திரிக்கென்று எல்லா விளக்கும் எரிந்தன. எல்லோரும் அலறி அழ, சித்தி மட்டும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அவளைச் சந்தோஷப்படுத்த என்னிடம் ஒரு சேதி இருந்தது. பக்கத்தில் போனேன்.

"சித்தி, மாலை ரெண்டும் எங்கயும் நிக்கவே இல்ல. நல்லா ஓடிருச்சு. நான் பாத்தேன்."

சித்தி என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு ஓவென்று அழுதாள். சந்தோஷத்தில்தான் அழுகிறாள் என்று நினைத்தேன்.