குளவியோட இடுப்பு

அண்ணன் செத்து காரியம் முடிஞ்சும் நான் வேலைக்குப் போகல. கோவளத்தாண்ட ஒரு ரிசார்ட்ல ரூம் க்ளீன் பண்ற வேல. வூட்லயே படுத்துகினு இருந்தேன். அப்பதான் அந்தக் குளவியப் பாத்தேன்.

அண்ணன் சிறுசேரி கம்பெனிங்களுக்கு கேப் ஓட்டிகினு இருந்தான். அவனோட வெள்ளச் சட்ட ஒண்ணு ஆணில தொங்கிகினு இருந்துது. யாருக்கும் எடுக்க மனசு வரல. அந்தக் காலர்லதான் குளவி ஈர மண்ண உருட்டியாந்து கூடு கட்டுச்சு.

கறுப்பு ஒடம்பு. நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல மஞ்சளா ஒரு குச்சி, நூலு கணக்கா. அந்த முனைல வயிறு தொங்கும். சும்மா ஒக்காந்திருந்தாலும் வயிறு மட்டும் நீண்டு சுருங்கிகினே கீது. போன்ல ஒரு வீடியோ பாத்தேன். அதுக்கு மூக்கே கெடையாதாம். வயித்தோரமா சின்னச் சின்ன ஓட்டைங்க கீது, அது வழியாதான் மூச்சு. ஆஸ்பத்திரில அண்ணனுக்கு மிஷின் வெச்சிருக்கசொல்ல அவன் நெஞ்சு இப்டிதான் ஏறி ஏறி எறங்குச்சு.

இடுப்பு ஒல்லியா இருக்கறதாலதான் வயித்த மடக்கி எட்டுக்கால் பூச்சியக் கொட்ட முடியுது. கொட்டுனா பூச்சி சாவாது, அசையாம கெடக்கும். அதக் கூட்டுல அடச்சு முட்ட போட்டுடும். ஆனா அந்த இடுப்பு வழியா கெட்டியா எதுவும் எறங்காதாம். பூச்சியெல்லாம் புள்ளைக்கு, அதுக்கு வெறும் தேனு. எங்கம்மாவும் அப்ப டீயத் தவிர எதையும் தொடல.

கூட்டப் பாத்ததும் அம்மா எழுந்து ஒக்காந்துச்சு. வூட்டுக்குள்ள குளவி கூடு கட்டுனா அங்க யாரோ முழுவாம கீறாங்கன்னு எங்க பக்கம் சொல்லுவாங்க.

"பாத்தியாடி, அவன் சட்டைலயே வந்து கட்டிகீது. ஒங்கண்ணி முழுவாம கீறா."

"ம்மா, அது பாத்ரூம் பைப்புல கூடதான் கட்டும்."

"வாய மூடு. போன நோண்டிகினு இருந்தா டாக்டராய்டுவியா நீ?"

அன்னிக்கு அம்மா ஒரு தட்டு சோறு துன்னுச்சு. அதான் பேஜாராப் போச்சு. கூடு கட்றதுக்கு முன்னாடிதான் அண்ணி தூரமாச்சு, நாந்தான் பேடு வாங்கியாந்து குடுத்தேன். சாவு வூட்டுக் கூட்டத்துல அம்மா கவனிக்கல.

"சொல்லிடாத," அண்ணி சொல்லுச்சு. "அத்த இப்பதான் ரெண்டு வாய் துன்னுது."

நானும் சொல்லல. அம்மா தெரு பூரா சொல்லிடுச்சு. அண்ணியக் கொடம் தூக்க வுடல. மாங்கா வாங்கியாந்து குடுத்துச்சு. பொம்பளைங்க வந்து அண்ணி கையப் புடிச்சிகினு அழுதாங்க. அண்ணி தலையக் குனிஞ்சிகினே இருந்துச்சு.

அப்புறம் ஒருநாள் காலைல, "கெளம்பு, புதுப்பட்டினத்துல நர்ஸம்மாவப் பாத்துட்டு வந்துடலாம்"னு அம்மா பொடவ மாத்திகினு வந்துச்சு. அண்ணி சட்டைய எடுத்தாந்து அம்மா முன்னாடி போட்டுச்சு. கொண்டையூசியால கூட்ட ஒடச்சுச்சு. எட்டுக்கால் பூச்சிங்க கால மடக்கிகினு கெடந்துது. நடுவுல வெள்ளையா ஒரு புழு. இடுப்புன்னு ஒண்ணும் கெடையாது, வளையம் வளையமா மொத்தமும் வயிறுதான்.

"அத்த, இது குளவியோட புள்ள. எனக்கு ஒண்ணுமில்ல. கூடு கட்றதுக்கு முன்னாடியே தலைக்கு ஊத்திகினேன்."

அம்மா புழுவையே பாத்துகினு இருந்துச்சு.

"இத்தினி நாளா ஏண்டி சொல்லல?"

"நீ சாப்ட்டுகினு இருந்த."

அம்மா எழுந்து வெளிய போச்சு. எனக்கு பயமாய்டுச்சு, பின்னாடியே ஓடுனேன். பக்கத்து வூட்டு வாசல்ல நின்னு, "என் மருமவளுக்கு ஒண்ணுமில்ல. நாந்தான் தப்பா சொல்லிட்டேன். அவகிட்ட யாரும் எதுவும் கேக்காதீங்க"ன்னு சொல்லிகினு இருந்துச்சு. அப்புறம் எதுத்த வூடு, அதுக்கு அடுத்த வூடு. தெரு முனைல தண்ணி லாரிகிட்ட பொம்பளைங்க கும்பலா நின்னாங்க. அங்கயும் போய் சொல்லுச்சு.