கேள்வி அவருக்கு, பதில் என்னிடமிருந்து

வைக்கோல் ஏற்றும்போது என் கணவர் டிராக்டரிலிருந்து விழுந்துவிட்டார். தலையில் அடி, ரத்தம் வரவில்லை. உத்திரமேரூரில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம்.

அங்கே ஒரு நர்ஸ், தலையில் அடிபட்டவர்களைக் கவனிக்கவென்றே பயிற்சிக்குப் போய் வந்தவராம், மணிக்கொரு தரம் அவரை எழுப்பி ஊர், பெயர் கேட்டார். கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். வெளியாரிடம் பேசவே கூச்சப்படும் நான், அவர் தூங்கட்டுமே என்று, "திருப்புலிவனம்" என முந்திக்கொண்டு சொன்னேன்.

மூன்றாம் தடவை நர்ஸ் என்னைப் பார்த்தார். "அடி உனக்கா பட்டுது, அவருக்கா? கம்முனு இரு, அக்கா."

"அசந்து தூங்கிக்கினு கீறாரும்மா, பாவம்."

"தூக்கமா மயக்கமான்னு பாக்கத்தான் எழுப்புறேன்."

வாயை மூடிக்கொண்டேன். அவருக்கு ஊர் பெயர் வரவில்லை, நாக்கு குழறியது. நர்ஸின் விரலை அவருடைய வலது கை பிடிக்கவில்லை. ஒரு கண்ணின் பாவை பெரிதாகியிருந்தது. நர்ஸ் டாக்டரிடம் ஓடினார்.

உடனே ஆம்புலன்ஸ். செங்கல்பட்டில் ஸ்கேன் எடுத்து, தலைக்குள் கட்டியிருந்த ரத்தத்தை அன்றே ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். இன்று அவர் வயலுக்குப் போகிறார்!

இப்போதெல்லாம் நோயாளியிடம் கேட்ட கேள்விக்கு நான் வாய் திறப்பதில்லை. அவர் பதில் சொல்லத் தடுமாறினால், நர்ஸைச் சத்தம் போட்டுக் கூப்பிடக் கூச்சப்படுவதும் இல்லை.