நீலச் சட்டை போட்ட போட்டோ

வல்லம் வடகாலிலிருந்து ஒரகடம் போகும் வழியில், கம்பெனி பஸ் நிற்கும் இடத்தில் ஒரு பிரெட் ஆம்லெட் கடை இருந்தது. குளிர்பானக் கம்பெனிக்காரன் இலவசமாக மாட்டிவிட்டுப் போன போர்டில் ‘சாண்ட்விச்’ என்று எழுதியிருக்கும். அந்தப் பெயரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. எல்லாருக்கும் அது அக்கா கடை. இரண்டு துண்டு பிரெட்டைக் கல்லில் எண்ணெய் விட்டு வாட்டி, வெங்காயமும் பச்சை மிளகாயும் போட்ட ஆம்லெட்டை நடுவில் மடித்து வைத்து, மிளகுத்தூள் தூவி, செய்தித்தாளில் சுற்றிக் கொடுப்பாள். வெள்ளிக்கிழமை முட்டை கிடையாது, உருளைக்கிழங்கு மசாலா. பிரமாதமான ருசி என்றெல்லாம் சொல்லமாட்டேன். பஸ் வருவதற்குள் கைக்குக் கிடைக்கும். கம்பெனி கேன்டீன் சாம்பாரில் பருப்பைத் தேடுகிறவனுக்கு அதுவே பெரிய விஷயம்.

வீட்டுக்காரர் கணக்கில் எங்கள் அறையில் ஏழு பேர். ஒரே பூட்டு, ஒரே சாவி. இரண்டாவது சாவி கொடுத்தால் எட்டாவது ஆள் வந்துவிடுவான் என்று வீட்டுக்காரர் கொடுக்கவில்லை. எட்டாவது ஆள் ஏற்கெனவே வந்திருந்தான். மூன்று ஷிஃப்ட்டிலும் ஆள் இருந்ததால் சாவியை அக்கா கடையில்தான் விட்டுப்போவோம். பின்சுவரில் ஒரு பலகை, அதில் வரிசையாக ஆணிகள். ஒவ்வொரு அறைச் சாவிக்கும் ஒரு கயிறு. எங்களுடையது சிவப்பு. இதை ஏதோ பெரிய சேவை என்று யாரும் நினைக்க வேண்டாம். சாவி எடுக்க வருகிறவன் சாப்பிடாமல் போகமாட்டான், அது அவளுக்கும் தெரியும்.

ஆனால் அந்தச் சாவிகளால் அவளுக்கு எங்கள் நடமாட்டம் முழுவதும் தெரிந்திருந்தது. யார் எத்தனை மணிக்கு வருகிறான், யார் மூன்று நாளாக வேலைக்குப் போகாமல் படுத்துக்கிடக்கிறான், யார் தள்ளாடிக்கொண்டு வருகிறான், எல்லாம். வேறு யாருக்கும் எதுவும் தெரியாது. வீட்டுக்காரருக்கு எங்கள் பெயரே தெரியாது. கம்பெனி வாசலில் கேட்டால் செக்யூரிட்டி விரட்டிவிடுவான். அதனால் தெற்கே இருந்து மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்க வரும் பெண் வீட்டார் கடைசியில் இந்தக் கடைக்குத்தான் வந்து சேருவார்கள். ஊரில் என்றால் நாலு பேரிடம் விசாரிப்பார்கள். இங்கே அந்த நாலு பேரும் அவள் ஒருத்திதான்.

அவள் உள்ளூர்க்காரி. தொழிற்பேட்டைக்கு நிலம் போன குடும்பம். புருஷன் கம்பெனி பஸ் ஓட்டினார். நிலத்தைப் பற்றி அவள் பேசி நான் கேட்டதில்லை.

2009-ல் எனக்கு இருபத்தாறு வயது. பிரேக் பாகங்கள் செய்யும் கம்பெனியில் கான்ட்ராக்ட். பர்மனென்ட் ஆட்களுக்கு நீலச் சட்டை, எங்களுக்குச் சாம்பல் நிறச் சட்டை. ஒரே லைன், ஒரே மெஷின், ஒரே வேலை. பஸ்ஸில்கூட நீலச் சட்டை முன்னால் உட்காரும், நாங்கள் பின்னால். அப்படி எங்கேயும் எழுதி ஒட்டவில்லை, எழுதத் தேவையும் இருக்கவில்லை. அடுத்த லிஸ்ட்டில் உன் பெயர் இருக்கிறது என்று சூப்பர்வைசர் மூன்று வருஷம் சொன்னார். அந்த லிஸ்ட்டை இன்றுவரை நான் பார்க்கவில்லை.

கடையநல்லூர்ப் பக்கம் ஒரு பெண் பார்த்திருப்பதாக அம்மா போன் செய்தாள். கம்பெனி உடுப்பில் ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னாள். அறையில் என்னோடு இருந்த சிவகங்கைக்காரன் பர்மனென்ட். அவன் தன் நீலச் சட்டையைத் தூக்கிப் போட்டான்.

“இதப் போட்டுக்கடா மாப்ள. அந்தச் சாம்பல் சட்டையில நீ பொணம் மாதிரி இருக்க.”

போட்டுக்கொண்டேன். ஸ்ரீபெரும்புதூரில் ஒரு ஸ்டூடியோவில் எடுத்து அனுப்பினேன். பர்மனென்ட் என்று நான் யாரிடமும் வாயால் சொல்லவில்லை. அம்மா கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இதில் பொய் எங்கே இருக்கிறது என்று அப்போது வாதாடினேன். பொய்தான்.

அந்தப் பெண் ஒரு தடவை போனில் பேசினாள். “அங்க தண்ணி நல்லா இருக்குமா?” என்று கேட்டாள். சம்பளம் எவ்வளவு என்று கேட்காமல் தண்ணீரைப் பற்றிக் கேட்டது எனக்குப் பிடித்திருந்தது. சேரப்பணஞ்சேரிப் பக்கம் தண்ணீர் நன்றாக இருக்கிறது என்று கேள்விப்பட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போய் வாடகைக்கு வீடுகூடப் பார்த்துவிட்டு வந்தேன்.

அடுத்த வாரம் முதல் ஷிஃப்ட் முடிந்து, மத்தியானம் மூன்று மணிக்கு அக்கா கடையில் நின்று சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். சிவகங்கைக்காரன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். டவுன் பஸ்ஸிலிருந்து வெள்ளை வேட்டி கட்டிய ஒரு பெரியவர் இறங்கி வந்தார். தண்ணீர் வாங்கிக் குடித்தார். மஞ்சள் பைக்குள் கைவிட்டு ஒரு போட்டோவை எடுத்து நீட்டினார்.

“ஏம்மா, இந்தப் பையனத் தெரியுமா?”

என் போட்டோ. நான் கைக்கெட்டும் தூரத்தில் வாயில் பிரெட்டோடு நிற்கிறேன். என்னையும் பார்த்தார். அடையாளம் தெரியவில்லை. ஸ்டூடியோக்காரன் முகத்தை வெள்ளையாக்கியிருந்தான். தவிர, சாம்பல் சட்டைக்காரன் முகத்தை யார் பார்க்கிறார்கள்?

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு போட்டோவை வாங்கினாள். என்னை ஒரு தடவை பார்த்தாள்.

“இன்னா விஷயம் பெரியவரே?”

“பொண்ணு குடுக்கலாம்னு இருக்கோம். அதான் ஒரு வார்த்த விசாரிச்சுக்கிடுவோம்னு.”

“தெரியும். நம்ம கடைலதான் துன்றான்.”

“குடிக்கானா?”

“குட்ச்சிட்டு வந்து நான் பாத்ததில்ல. ரூம் சாவி இங்கதான் கீது. ஷிஃப்ட் வுட்டா நேரா வந்து எட்த்துகினு போவான்.”

“கோவம்?”

“ஐய, அத்த ஏன் கேக்குற. வெங்காயம் பெர்சா நறுக்கிட்டேன்னு என்னாண்டயே கத்துவான். கை நீட்ட மாட்டான். வாய்தான்.”

“சும்மா வாயா அது?” என்று பெஞ்சிலிருந்து சிவகங்கைக்காரன் சிரித்தான். நான் முறைத்ததும் தலையைக் குனிந்துகொண்டான்.

பெரியவர் முகம் தெளிந்துவிட்டது. “வாய் கெடந்துட்டுப் போகுது. எங்க வீட்டுலயும் அதுக்கு ஆள் உண்டு,” என்றார். போட்டோவைப் பைக்குள் வைத்துக்கொண்டே, சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்பது போலக் கேட்டார். “பர்மனென்ட்டுதான?”

“அதெல்லாம் ஆன மாதிரிதான் ஐயா…” என்று சிவகங்கைக்காரன் ஆரம்பித்தான்.

“உன்னக் கேட்டாங்களா? நீ துன்னு,” என்றாள் அக்கா. பெரியவரிடம் திரும்பினாள். “கான்ட்ராக்ட்டு. போட்டோல கீற சட்ட அவனுது இல்ல.”

“கொஞ்ச நாள்ல ஆயிருவான்ல?”

“ஆவலாம். ஆவாமலும் போவலாம். எத்தினியோ பேரு வந்தான், போனான், நானும் பாத்துகினுதான் கீறேன். எனுக்கும் பொண்ணு கீது பெரியவரே.”

நான் பேசாமல் நழுவியிருக்கலாம். எனக்கு அது வராது. “அந்தப் பையன் நான்தான்,” என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு என் சட்டையை அதைவிட அதிக நேரம் பார்த்தார்.

“தம்பி, நீங்களே சொல்லியிருக்கலாமே.”

“நீங்க கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்.”

இதுவும் பொய். அக்கா ஒரு பிரெட் ஆம்லெட்டைச் சுற்றி, வழியில் சாப்பிடச் சொல்லி அவர் கையில் கொடுத்தாள். வாங்கிக்கொண்டு போய் பஸ் ஏறினார்.

அவர் போனதும் நான் கத்தினேன். “ஆமான்னு ஒரு வார்த்த சொன்னா நீ என்னக்கா கொறஞ்சா போயிருவ?”

“ஆமான்னு சொல்லிட்டு? நாளிக்கு உன்ன வேலைய வுட்டு எட்த்தா அந்தப் பொண்ணு யாராண்ட வந்து நிக்கும்? என்னாண்டதான் வந்து நிக்கும்.” அடுத்த முட்டையை உடைத்தாள். “ஆறிப்போவுது, துன்னு.”

மீதியைச் சாக்கடையில் எறிந்தேன். அவள் எண்ணெய் கெட்ட எண்ணெய் என்று பஸ் முழுக்கச் சொன்னேன். யாரும் நம்பவில்லை.

இரண்டு நாளில் அம்மா போன் செய்தாள். “அவங்க வேண்டாங்காங்கப்பா,” என்றாள். ஏன் என்று அவளுக்கும் தெரிந்திருந்தது. அந்தப் பெண்ணுக்கு நான் போன் செய்யவில்லை. அவளும் செய்யவில்லை.

சிவப்புக் கயிற்றுச் சாவியை ஆணியிலிருந்து எடுத்து மளிகைக் கடையில் கொடுத்தேன். மளிகைக்காரர் மத்தியானம் கடையைச் சாத்திவிட்டுத் தூங்கப் போவார். ஷிஃப்ட் முடிந்து வந்தவன் வாசற்படியில் உட்கார்ந்து என்னைத் திட்டுவான். ஒரு வாரம் பார்த்தார்கள். பிறகு என்னைக் கேட்காமலே சாவியை அக்கா கடையில் திரும்ப மாட்டிவிட்டார்கள். நான் போவேன், பேசாமல் சாவியை எடுப்பேன், வருவேன். அவளும் பேச முயற்சி செய்யவில்லை.

நான்கு மாதத்தில் எங்கள் பேட்ச்சையே வேலையைவிட்டு நிறுத்தினார்கள். அவள் சொன்னபடியே நடந்ததுதான் எனக்கு அதிக எரிச்சல். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டக் கற்றுக்கொண்டு ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கிடங்கில் சேர்ந்தேன். அங்கும் கான்ட்ராக்ட்தான். பிறகு வேறொரு பெண்ணோடு கல்யாணம் ஆனது. அவள் வீட்டார் யாரிடமும் விசாரிக்கவில்லை. அவ்வளவு தூரம் வந்து விசாரிக்க அவர்களுக்கு வசதியில்லை.

2014-ல் என் தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்தோம். தரகர் ஒரு போட்டோ கொடுத்தார். வல்லம் வடகாலில் வேறொரு கம்பெனி, அங்கும் பர்மனென்ட்டுக்கு நீலச் சட்டைதான். பையன் நீலச் சட்டையில் நன்றாகவே இருந்தான். மத்தியானம் பஸ் ஏறி அக்கா கடைக்குப் போனேன்.

சாலையை அகலப்படுத்தியதில் கடை பின்னால் தள்ளிப் போயிருந்தது. போர்டு இல்லை. சாவிப் பலகை இருந்தது. பெஞ்சில் நாலைந்து சாம்பல் சட்டைகள் சாப்பிட்டுக்கொண்டிருந்தன. அக்காவுக்கு முடி நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் சொன்னாள்.

“வா. வெங்காயம் பொடிசா நறுக்கட்டா?”

குடிக்கிறானா, எத்தனை மணிக்குச் சாவி எடுக்க வருகிறான், எல்லாம் வரிசையாகக் கேட்க யோசித்து வைத்திருந்தேன். போட்டோவைக் கொடுத்ததும் வாயில் முதலில் வந்தது வேறு.

“இந்தச் சட்ட அவனுதாக்கா?”

அவள் போட்டோவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“இல்ல,” என்றாள். “நல்ல பையன். பச்சக் கயிறு சாவி. உன்ன மாதிரி கத்தமாட்டான்.”

“கான்ட்ராக்ட்டா?”

“நீ இன்னா, பர்மனென்ட்டா?”

போட்டோவைத் திருப்பிக் கொடுக்கும்போது அவள் பெஞ்சுப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். பலகையில் பச்சைக் கயிறு எதுவும் தொங்கவில்லை. நான் திரும்பிப் பார்க்கவில்லை. அம்மாவுக்கு அங்கிருந்தே போன் செய்து, இந்த மாப்பிள்ளை வேண்டாம் என்று சொன்னேன். பெஞ்சில் அதுவரை இருந்த பேச்சு நின்றது.

அக்கா ஒரு பிரெட் ஆம்லெட்டைச் செய்தித்தாளில் சுற்றி நீட்டினாள். வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.