பச்சைப்பட்டுக் குளம்

என் தங்கை பிரபா டைபாய்டோடு எழுதிய ஹையர் செகண்டரியில் தேறினாள். அப்பா பேசிவைத்த கல்யாணத்தைத் தள்ளிப்போட்டு விலங்கியல் பட்டம் வாங்கினாள். அலிப்பூரில் தண்ணீர் சோதிக்கும் கூடத்தில் வேலையும் பிடித்தாள். லேக் மார்க்கெட்டில் மளிகைக்கடை வைத்திருக்கும் எங்கள் வீட்டில் வேறு யாரும் கல்லூரிக்குப் போனதில்லை.

எங்கள் தெருக் குளத்து மீன்களுக்கு அப்பா தினமும் கடையில் மிஞ்சிய பொரியைக் கொட்டுவார். அது புண்ணியம் என்பார். அந்தச் சித்திரை வெயிலில் பிரபா குளத்து நீரை நுண்ணோக்கியில் பார்த்தாள். பாசி தின்னும் நீர்த்தெள்ளுகள் ஒன்றுகூட இல்லை. அழுக்கில் பெருகும், அவற்றினும் சிறிய உயிர்களே மொய்த்தன.

“பொரி போதும்ப்பா. மீன் பெருகி, தெள்ளையெல்லாம் தின்னுட்டுது. பாசியைத் தின்ன ஆளில்லை. ஒருநாள் விடியக்காலம் மீனெல்லாம் மூச்சுமுட்டிச் செத்து மிதக்கும்.”

“ஏட்டி, தீனி போட்டா சாகுமா? தண்ணி பச்சைப்பட்டு மாதிரில்லா இருக்கு!”

“அந்தப் பச்சைதாம்ப்பா பயமா இருக்கு.”

குளத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்த வங்காளி மீன்காரர் நிமாய்தாவுக்கு அந்த மீன்தான் பிழைப்பு. மீனை உடனே பிடித்துவிடத் தயார், ஆனால் சோதனைக்கூட அறிக்கையாக எழுத்தில் இருந்தால்தான் கூட்டாளிகள் நம்புவார்கள் என்றார். அதுவரை அவள் செய்த சோதனைகள் மேலதிகாரி பெயரிலேயே வெளிவந்தன. அந்த அதிகாரியோ, மழை வரட்டும், பிறகு எழுதலாம் என்றார். கரையோரம் மீன்கள் வாயைப் பிளந்துகொண்டு மேலே வரத் தொடங்கியிருந்தன. பிரபா அறிக்கையைத் தானே எழுதி, முதன்முதலாகக் கீழே ‘பிரபா பெத்துராஜ்’ என்று கையெழுத்திட்டாள். அன்று 2024 ஏப்ரல் 28.