மேல்வீட்டு விரிப்பு

இன்று லிஃப்ட்டில் ஈரத் துணிக்கூடையோடு ஒருவர் ஏறியதும், சோப்பை மீறி வந்த மூத்திர வாடை, இடிக்கப்பட்டுவிட்ட எங்கள் புக்கிட் பாஞ்சாங் அடுக்குமாடி புளோக்குக்கு என்னை இழுத்துப்போனது. அங்கே ஒரு மாதம் முழுக்க, ஜன்னலுக்கு வெளியே நீட்டிய மேல்வீட்டு மூங்கில் கழியிலிருந்து படுக்கை விரிப்பு சொட்டிச் சொட்டி, கீழே எங்கள் கழியில் காயும் என் சீருடை நனைந்து, அந்த வாடை வகுப்புவரை என்னோடு வரும். அம்மா ஜன்னலில் தலையை நீட்டிக் கத்துவாள். ஒருநாள் என்னை இழுத்துக்கொண்டு மேலே ஏறி, அவர்கள் இரும்புக் கேட்டை உலுக்கினாள்.

"பிழிஞ்சு போடத் தெரியாதா?"

கதவைத் திறந்த பெண்ணின் வலது கையில் மாவுக்கட்டு. பின்னால், விரிப்பில்லாத மெத்தையில் அவள் கணவர் அசைவின்றிக் கிடந்தார்.

"ஒத்தக் கையால முடியல லா, அக்கா."

அம்மா விடுவிடுவென்று உள்ளே போய், வாளியில் ஊறிய விரிப்பின் ஒரு நுனியை என்னிடம் திணித்து, மறுநுனியை முறுக்கினாள்.

"இறுக்கிப் பிடிடி," என்றாள், கோபம் இன்னும் இறங்காத குரலில்.