காலடியில் கேட்ட பேச்சு

தையற்காரர் மகன் வெளிநாட்டில் பெரிய படிப்புப் படிக்கிறான் என்பது அவர்கள் தெரு முழுக்கத் தெரியும். படிப்போடு நூலகத்தில் வேலையும் பார்க்கிறான் என்று அவன் அம்மா பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். அவள் மேல் தப்பில்லை. மகன் சொன்னதைத்தான் அவள் சொன்னாள்.

உண்மையில் அவன் வேலை பார்த்தது ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில், நடைபாதையோரம் துணிப்பந்தல் போட்ட ஒரு செருப்புக் கடையில். வருகிறவர்களை முக்காலியில் உட்கார வைத்து, முன்னால் மண்டி போட்டு, காலைப் பிடித்து அளவு பார்த்து மாட்டிவிட வேண்டும். உழைத்துச் சாப்பிடுவதைக் கடவுள் ஒருநாளும் குறைவாக நினைப்பதில்லை. ஆனால் அது பிள்ளையின் மனதில் ஏறவில்லை. நம் ஆட்கள் யாராவது பார்த்து ஊருக்குச் சொல்லிவிட்டால் அம்மா எப்படித் தலைநிமிர்ந்து நடப்பாள் என்று உள்ளுக்குள் ஒரே உதறல்.

அன்றைக்குக் காலையிலேயே வயதான ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். தமிழ் காதில் விழுந்ததும் அவன் பெட்டி அடுக்குக்குப் பின்னால் போய்க் குனிந்துகொண்டான். அவர்கள் எதையும் வாங்கவில்லை. காய்கறிப் பக்கம் போனார்கள், பாத்திரக் கடைப் பக்கம் போனார்கள், மறுபடியும் வந்தார்கள். மத்தியானத்துக்குப் பிறகும் சுற்றிக்கொண்டேயிருந்தார்கள். இவர்களுக்கு வீடு வாசல் கிடையாதா என்று அவனுக்கு எரிச்சலாக வந்தது.

சாயங்காலம் செருப்பு வார் அறுந்துபோய், அந்த அம்மா நேரே வந்து அவன் முக்காலியில் உட்கார்ந்தாள். ஒளிய இடமில்லை.

"தம்பி, நம்ம ஊரா நீங்க?" என்று முகம் மலரக் கேட்டாள்.

அவன் புரியாதவன்போல விழித்தான். அந்த ஊர்ப் பாஷையில் ஏதோ சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

"முகத்தைப் பார்த்தா நம்ம புள்ளை மாதிரியே இருக்கு."

"உனக்கு எவனைப் பார்த்தாலும் சொந்தக்காரன்தான்," என்று சிரித்தார் கணவர். "அவனுக்கு நம்ம பேச்சு தெரியலை. காலை நீட்டு."

"ஐயோ, வளர்ந்த புள்ளை என் காலைப் புடிக்கிறதா!" என்று முதலில் காலை இழுத்துக்கொண்டாள். பிறகு தயங்கித் தயங்கி நீட்டினாள். பாதம் வீங்கியிருந்தது. அவன் விரல் பட்ட இடம் குழி விழுந்து அப்படியே நின்றது.

"காலையிலேருந்து நடந்தா வீங்காம என்ன செய்யும்? ராத்திரி வரைக்கும் வீட்டுப் பக்கம் வராதீங்கன்னு சொல்லிட்டாளே உன் பொண்ணு," என்றார் கணவர்.

"மெதுவாப் பேசுங்க."

"இங்க யாருக்குப் புரியப் போகுது?"

அதற்குப் பிறகு அவளுக்கும் அடங்கவில்லை. "கூட வேலை பார்க்கிறவங்க விருந்துக்கு வராங்க, சரி. நான் பாட்டுக்கு ஒரு அறையில கிடந்திருப்பேன். இதுதான் எங்கம்மான்னு காட்ட அவளுக்கு வெட்கமாப் போச்சுங்க. பெத்த வயிறு எரியுது." சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

அவன் பெட்டிகளின் பக்கம் திரும்பினான். இப்போது வாயைத் திறந்தால் இந்த அம்மாவுக்கு எப்படி இருக்கும்? திறக்காவிட்டால், இவள் மகளைவிடத் தான் எந்த விதத்தில் உசத்தி? ஆண்டவனே, இவர்கள் சீக்கிரம் எழுந்து போகட்டும் என்று வேண்டிக்கொண்டே அகலமான ஒரு ஜோடியைத் தேடி எடுத்து மாட்டினான்.

அந்த நேரம் பார்த்து முதலாளி வந்தார். அந்த ஊர்க்காரர், கலகலப்பான மனிதர், கெட்ட எண்ணம் கிடையாது. அவர்கள் பேசுவதைக் கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டார். பையன் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். கையைப் போன்போலக் காதில் வைத்துக்கொண்டு, வாராவாரம் அவன் வீட்டுக்குப் பேசுவதைக் கேட்டுக் கேட்டு மனப்பாடமாகியிருந்த இரண்டு வார்த்தையை உரக்கச் சொன்னார்: "அம்மா, சாப்டியா? அம்மா, சாப்டியா?"

அவனைக் காட்டினார், அவர்களைக் காட்டினார். நல்ல காரியம் செய்துவிட்ட சந்தோஷத்தில் கடகடவென்று சிரித்தார்.

கணவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த அம்மா வைவாள் என்று அவன் காத்திருந்தான். நாலு வார்த்தை வைதிருந்தால் பேசாமல் வாங்கிக்கொண்டிருப்பான். அவளோ அவன் கையிலிருந்து காலை மெல்ல உருவிக்கொண்டு, இரண்டு கையையும் கூப்பினாள்.

"தம்பி, நான் பேசினதை யாருகிட்டயும் சொல்லிடாதப்பா. இங்க நம்ம ஆளுங்க எல்லாருக்கும் ஒருத்தரை ஒருத்தர் தெரியும். அவ காதுக்குப் போயிடும். ரொம்ப நல்ல பொண்ணுப்பா அவ."

நம் ஆட்களிடம் என்றைக்காவது மாட்டிக்கொண்டால் இப்படித்தான் கெஞ்ச வேண்டும் என்று அவன் மாதக்கணக்கில் மனதுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்த பேச்சு அது. அதை இந்த அம்மா தன்னைப் பார்த்துக் கை கூப்பிச் சொன்னதும் அவனுக்கு உடம்பெல்லாம் கூசியது.

"சொல்ல மாட்டேன்மா," என்றான். மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை.

அவள் புதுச் செருப்போடு எழுந்து, கணவரின் தோளைப் பிடித்துக்கொண்டு, கூட்டம் இல்லாத பக்கமாகப் போனாள். இருட்ட இன்னும் நேரம் இருந்தது. அவர்கள் அதுவரைக்கும் எங்கே உட்காருவார்கள் என்று கேட்க அவனுக்கு என்ன உரிமை இருக்கிறது? மண்டி போட்ட இடத்திலேயே இருந்தான்.