உப்பில்லாத பன்னிரண்டு நாட்கள்

மைசூரில் டைல்ஸ் பதிக்கிற மேஸ்திரிகளுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் வேலை பேசப் போகிற வீட்டில், முதல் நாளே வாசலில் நின்றுகொண்டு, "எனக்குத் தலைக்கு மாத்தரை நடக்குதுங்க. காலைல ஒண்ணு, பொழுதோட ரெண்டு. பயப்படாதீங்க, தரை கோணாது" என்று சொல்லிவிட்டு நூல் பிடிக்கிற மேஸ்திரி ஒருவர்தான். அவர் பெயர் சித்தையன். கேட்டதும் முகம் மாறி, "அப்புறம் சொல்றோம்" என்று கதவைச் சாத்துகிறவர்களும் உண்டு. சாத்தினால் சாத்தட்டும். அந்த வீட்டுக் குளியலறையில் தண்ணீர் தேங்கும்போது தன் அருமை தெரியும் என்று சொல்லி, சித்தையன் டீ குடிக்கப் போய்விடுவார்.

சொந்த ஊர் மாதேஸ்வரன் மலைக்குப் போகிற வழியில் ஹனூருக்குப் பக்கம். பதினேழு வயதில் கட்டட வேலைக்காரர்களோடு பஸ் ஏறி மைசூருக்கு வந்தார். வந்த மூன்றாவது வருஷமே அவர் கைக்குத் தனி மரியாதை. பதித்த தரையில் கட்டைவிரலை ஓட்டினால் போதும், இரண்டு டைல்ஸுக்கு நடுவே நூலிழை ஏற்றத்தாழ்வு இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவார். ரசமட்டத்தை அதற்கப்புறம்தான் வைப்பார். அதுவும் வீட்டுக்காரர்களின் திருப்திக்காக.

அந்த நாட்களில் வேலை முடிந்ததும் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து கஞ்சா இழுப்பார்கள். உடம்பு அலுப்புக்கு என்று பெயர். கூட இழுத்த நாலு பேர் சாப்பிட்டுப் படுத்தார்கள், எழுந்தார்கள், வேலைக்குப் போனார்கள். சித்தையனுக்கு அப்படி நடக்கவில்லை. முப்பதாவது வயதில், ஒரு வீட்டில் குளியலறையை முடித்தவர் நிறுத்தவே இல்லை. நடைபாதையில் பதித்தார், துளசி மாடத்தில் பதித்தார், சமையலறைக்கு வாங்கி வைத்திருந்த டைல்ஸை எடுத்துத் தெருப்பக்கத்து மதில் முழுக்கப் பதித்தார். ஐந்து நாள் தூக்கமில்லை. மைசூர் முழுக்கவும் தானே தரை போடப் போவதாகவும், அரண்மனையிலிருந்து ஆள் வந்துகொண்டிருப்பதாகவும் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொன்னார். அந்த மதில் வேலையில் ஒரு டைல்ஸ்கூடக் கோணவில்லை என்பதை இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார். அன்றைக்கு அவரைப் பிடித்து ஆட்டோவில் ஏற்ற ஆறு பேர் வேண்டியிருந்தது. அதைச் சொல்லும்போது சிரிக்கமாட்டார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஸ்ரீதேவி ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். "இது ஏறி ஏறி இறங்கற நோய். உங்க உடம்புல முன்னாடியே இருந்திருக்கு. கஞ்சா அதைக் கூப்பிட்டு வெளிய விட்டிருக்கு. மத்தவங்களுக்கு என்ன ஆச்சுன்னு பாக்காதீங்க. நீங்க இனி தொடவே கூடாது." லித்தியம் மாத்திரை எழுதினார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை, நிறையத் தண்ணீர் என்று இன்னும் என்னென்னவோ சொன்னார். எல்லாவற்றையும் ஓர் அட்டையில் எழுதியும் கொடுத்தார்.

டாக்டரைவிடச் சுருக்கமாகச் சொன்னவள் மனைவி காவேரி. அப்போது மகள் சுசித்ராவுக்கு ஆறு வயது. "இன்னொருக்கா உங்க மேல அந்த வாசம் வந்துதுன்னா, நானும் புள்ளையும் ஹனூர் பஸ் ஏறிப்போடுவோம். அப்பறம் வந்து கூப்பிட்டாலும் வரமாட்டனுங்க." சொன்னால் சொன்னதுதான், காவேரி அந்த ரகம். அன்றிலிருந்து தினமும் அவர் வேலையிலிருந்து வந்து சட்டையைக் கழற்றி நீட்டவேண்டும். அவள் அதை முகர்ந்து பார்த்துவிட்டு வாளியில் போடுவாள். முதலில் அவமானமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. "என்ன, சிமெண்டு வாசம் நல்லாருக்குதா?" என்று கேலி பேசுகிற அளவுக்குப் பழகிவிட்டது.

மாத்திரை முதல் வருஷம் படாதபாடு படுத்தியது. ஓயாத தாகம், உடம்பு பெருத்தது, விரல்களில் லேசான நடுக்கம். பெரிய சந்தோஷம் எதுவுமே வரமாட்டேன் என்கிறதே என்று ஏங்கினார். இருந்தும் விடவில்லை. டாக்டர் அளவைக் கூட்டிக் குறைத்துச் சரி செய்ததும் தூக்கம் வந்தது, கை நடுக்கம் நின்றது, மகள் பேசுவது காதில் விழுந்தது. மாத்திரை அட்டையை டைல்ஸ் வெட்டும் மெஷின் பெட்டிக்குள்ளேயே வைத்துக்கொண்டார். யார் பார்த்தால் என்ன?

ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஒரு வேண்டுதல் வைத்திருந்தார். பத்து வருஷம் தலை தடுமாறாமல் நின்றால், ஹனூரிலிருந்து மாதேஸ்வரன் மலைக்கு நடந்தே வருவதாக. நடப்பதற்கு முன் இருபத்தொரு நாள் உப்பில்லாச் சோறு. அவர்கள் குடும்பத்தில் தலைமுறையாக வேண்டுதல் என்றால் அப்படித்தான். இனிப்பை விடுவதெல்லாம் அவர்களுக்கு ஒரு வேண்டுதலே இல்லை, உப்பை விட்டால்தான் கணக்கு. இந்த வருஷம் பத்து முடிந்தது.

விரதம் தொடங்குகிற அன்று ஊரிலிருந்து அண்ணன் போன் செய்தார். "ஏன்டா சித்தா, சாமிக்கு மாலை போட்டாச்சு. இன்னும் எதுக்குடா மாத்தரை? நிறுத்திப்போடு. அவன் பாத்துக்குவான்."

"அண்ணா, இந்த மாத்தரையக் குடுத்ததே அவன்தான்னு நான் நெனச்சிட்டிருக்கறன். அதப்பத்தி மட்டும் பேசாதீங்க" என்று போனை வைத்துவிட்டார் சித்தையன். மார்பு நிமிர்ந்துதான் இருந்தது. மாத்திரையை விட்டுவிட்டு மலையேறிப் போய், வழியிலேயே புத்தி பேதலித்தவர்களை அவருக்குத் தெரியும். தான் அந்த முட்டாள்தனம் செய்யவில்லை என்ற பெருமை அவருக்கு. ஐயோ, அந்தப் பெருமைதான் கண்ணை மறைத்தது.

காவேரி தையல் கம்பெனிக்குப் போகுமுன் தினமும் அவருக்கென்று தனியாக ஆக்கினாள். உப்பில்லாத ராகிக் களி, உப்பில்லாத அவரைக்காய்ச் சாறு. அவர் முகம் சுளிக்காமல் சாப்பிட்டு, வெயிலில் வேலை பார்த்து, சட்டை பிழிகிற அளவுக்கு வியர்த்து வந்தார். எட்டாம் நாள் வயிற்றுப்போக்கு. பத்தாம் நாள் கையில் நடுக்கம், பழைய லேசான நடுக்கம் இல்லை, டம்ளர் தண்ணீர் சிந்துகிற நடுக்கம். விரதக் களைப்பு என்று சொல்லிக்கொண்டார். காவேரி அன்று சட்டையை இரண்டு தடவை முகர்ந்தாள்.

பன்னிரண்டாம் நாள் காலை, விஜயநகரில் ஓய்வுபெற்ற டீச்சர் மல்லம்மா வீட்டில் கூடத்துத் தரை. சித்தையன் வைத்த டைல்ஸ் கோணியது. எடுத்து வைத்தார், மறுபடியும் கோணியது. இருபத்துநாலு வருஷத்தில் நடக்காதது. எழுந்திருக்கப் போனவர் தள்ளாடி, சிமெண்டுக் கலவையிலேயே உட்கார்ந்துவிட்டார். ஏதோ சொன்னார், வாய் குழறியது. மல்லம்மா காவேரிக்குப் போன் போட்டுக் கன்னடத்தில் பொரிந்து தள்ளினார். காலங்காத்தாலே குடித்துவிட்டு வந்திருக்கிறாரம்மா, உன் வீட்டுக்காரர் இப்படிப்பட்ட ஆள் என்று தெரியாதே!

காவேரி தையல் மெஷினை அப்படியே விட்டுவிட்டு ஆட்டோவில் வந்தாள். வந்ததும் முதலில் செய்த காரியம், எல்லார் எதிரிலும் குனிந்து அவர் சட்டையை முகர்ந்தது. வாசமில்லை. அதனால் அவளுக்கு ஆறுதல் வரவில்லை, கோபம்தான் கூடியது. இப்போதெல்லாம் வாசமே இல்லாத வஸ்துக்கள் வந்துவிட்டன என்று கம்பெனியில் பேசிக்கொள்கிறார்களே. அவர் பையைத் தரையில் கொட்டினாள். கரண்டி, ரப்பர் சுத்தி, நூல்கண்டு, ரசமட்டம், அவள் கொடுத்தனுப்பிய சாப்பாட்டு டப்பா. வேறெதுவும் இல்லை.

"என்ன தின்னீங்க? சொல்லிப்போடுங்க. என்ன தின்னீங்க?"

"ஒண்... ஒண்ணுமில்ல புள்ள."

ஆட்டோவில் ஆஸ்பத்திரி போகிற வழி முழுக்க அவள் அவர் பக்கம் திரும்பவில்லை. சுசித்ராவின் பள்ளிச் சான்றிதழ்களை எந்தப் பெட்டியில் வைத்தோம், ஹனூருக்கு மதிய பஸ் எத்தனை மணிக்கு என்றெல்லாம் மனசு தன்னால் ஓடியது. பத்து வருஷத்தை ஒரு நிமிஷத்தில் கரைத்துவிட்டாரே என்று நெஞ்சு எரிந்தது. சித்தையனுக்கோ தலை சுற்றினாலும் அவள் திருப்பிக்கொண்ட முகம் மட்டும் தெளிவாகத் தெரிந்தது. தான் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல நாக்கு ஒத்துழைக்கவில்லை.

டாக்டர் ஸ்ரீதேவி அவர் கையைப் பிடித்துப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், ரத்தம் எடுக்கச் சொன்னார். "என்னம்மா மாறிச்சு? புதுசா ஏதாவது மாத்திரை? சாப்பாடு?"

"புதுசா என்னத்தத் தின்னாருன்னு அவரையே கேளுங்க டாக்டர். சாப்பாடு நான்தான் ஆக்கறன். எப்பவும் போலதான். மலைக்கு விரதம், அதனால பன்னண்டு நாளா உப்பு மட்டும் இல்ல."

டாக்டரின் பேனா நின்றுவிட்டது. "ஒரு துளிகூட இல்லாமயா?"

"ஒரு கல்லுகூடப் போடலீங்க. நானே பாத்துப் பாத்து ஆக்கினன்."

டாக்டர் நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். "காவேரி, இவர் எதையும் தின்னலை. உடம்புல உப்பு குறைஞ்சா, லித்தியம் வெளிய போகாம ரத்தத்துலயே தங்கிடும். வேர்வை, வயித்துப்போக்கு வேற. தினமும் அதே மாத்திரைதான், ஆனா உள்ள விஷமா ஏறிக்கிட்டே போயிருக்கு. உப்பைக் குறைக்காதீங்கன்னு நான் எழுதிக் கொடுத்த அட்டையில இருக்கு. பத்து வருஷமா நல்லாருக்கார்னு நானும் திருப்பிச் சொல்லாம விட்டுட்டேன். அது என் தப்பு."

சோதனை முடிவு வந்தது. இருக்கவேண்டியதைப் போல இரண்டு மடங்குக்கு மேல். காவேரி யாரைச் சந்தேகப்பட்டாளோ அவர் எந்தத் தப்பும் செய்யவில்லை. கூடத்தில் எல்லார் முன்னாலும் முகர்ந்து பார்த்தவள்தான் தினமும் அந்தச் சோற்றை ஆக்கிப் போட்டிருக்கிறாள். அழுகை வெடித்துக்கொண்டு வந்தது. வெட்கப்படாமல் அழுதாள்.

மாத்திரையை நிறுத்திப் பாட்டில் ஏற்றினார்கள். மறுநாள் நாக்கு கொஞ்சம் நிமிர்ந்ததும் சித்தையன் நர்ஸிடம், "இதென்ன தண்ணிங்க?" என்று கேட்டார்.

"உப்புத் தண்ணிதான்."

அவர் கண்ணை மூடி, "மாதேஸ்வரா, வாயில படல, கையிலதான் ஏறுது. பாத்துக்கோ" என்றார். பக்கத்துக் கட்டில்காரர்கூடச் சிரித்துவிட்டார். காவேரி சிரிக்கவில்லை. மூன்றாம் நாள் ரத்தத்தில் அளவு இறங்கியது. அதற்கப்புறம்தான் சித்தையன் தயங்கித் தயங்கி மனசிலிருப்பதைச் சொன்னார். "இன்னம் ஒம்போது நாள் பாக்கி இருக்குதே புள்ள. பாதியில விட்டா நல்லாவா இருக்கும்?"

"அந்த ஒம்போது நாளு என்னுதுங்க" என்றாள் காவேரி. "உப்ப நான் உடறன். நீங்க மாத்தரைய உடாதீங்க."

டாக்டர் சில நாள் பார்த்துவிட்டுக் குறைந்த அளவில் மாத்திரையைத் திரும்பத் தொடங்கினார். உடம்பு நன்றாகத் தேறிய பிறகு, டாக்டரின் அனுமதியோடு, இரண்டு பேரும் மெல்ல நடந்தே மலைக்குப் போனார்கள். வழியெல்லாம் அவர் உப்புப் போட்ட மோர் குடித்தார், அவள் உப்பில்லாச் சோறு தின்றாள். சாமி யார் கணக்கில் எதை எழுதிக்கொண்டாரோ, அது அவர் பாடு. மலையில் அண்ணன் எதிர்ப்பட்டு மறுபடியும் மாத்திரைப் பேச்சை எடுத்தபோது, சித்தையன் வாய் திறக்குமுன் காவேரி கொடுத்த பதிலில் அந்த அண்ணன் சாமி பார்க்காமலே படியிறங்கிவிட்டார்.

மலையிலிருந்து திரும்பிய திங்கட்கிழமை சித்தையன் மல்லம்மா வீட்டுக் கூடத்தை முடித்தார். நடந்ததையெல்லாம் கேள்விப்பட்டிருந்த டீச்சரம்மா தன் கையாலேயே காப்பி கொண்டுவந்து கொடுத்து, ரசமட்டம் வைக்கவேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

சாயந்தரம் வீட்டுக்கு வந்து, வழக்கம்போல் சட்டையைக் கழற்றி நீட்டினார். காவேரி வாங்கி நேரே வாளித் தண்ணீரில் முக்கினாள்.

"என்ன, மோந்து பாக்கல?"

"போங்க, போயி சாப்பிடுங்க" என்றாள் அவள், சட்டையைக் கும்மியபடியே. "உப்புப் போட்டிருக்கறன்."